நீரைப் பின்தொடரும் பாதை

வரும் ஜூலையில் அடிலெய்டில் கருத்தரங்கு முடிந்தபின், நண்பர் ஒருவருடன் ஆஸ்திரேலியாவின் உள்நிலத்துக்குச் சாலைவழியே செல்லத் திட்டமிட்டு வருகிறேன். அடிலெய்டுக்கு வடக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டரில் மரீ என்னும் சிற்றூர். அங்கிருந்து ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்சாலை. அதன்பின் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஏறினால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை தார்ச்சாலை. மூன்று மாதங்களாக நாங்கள் நிரப்பிவரும் பயண அட்டவணை, ஒரு பயணத்தின் தேவைகளைத் தாண்டியும் சிலவற்றைக் கற்பித்தது. அதைப் பகிரவே இப்பதிவு.

முதலில் நடைமுறை. ஜூலை அங்கே குளிர்காலம். அதுவே உகந்த பருவம். 1960 ஜனவரி 2 அன்று ஊட்னடாட்டாவில் பதிவான வெப்பம் 50.7 பாகை செல்சியஸ் என்பதே கோடையைத் தவிர்க்கப் போதிய காரணம். வாடகை வாகன ஒப்பந்தங்கள் பல, மண்சாலையில் ஓட்டுவதை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் நான்கு சக்கர இயக்க வண்டியைத் தேடவே இரண்டு வாரங்கள் ஆயின. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவர். ஆகவே இரண்டு நாள்களை வெறுமனே விட்டுவைத்துள்ளோம். அந்தி சாய்ந்தபின் கங்காருக்கள் சாலைக்கு வரும் என்பதால் இரவுப் பயணம் இல்லை. ஊர்களைத் தாண்டினால் கைப்பேசி அலைவரிசை இராது. செயற்கைக்கோள் தொலைபேசி வேண்டும். குடிநீர், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர். வண்டி நின்றுபோனால் அதைவிட்டு அகலக்கூடாது என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறோம்.

நேராகச் செல்லும் நெடுஞ்சாலை இருக்க, இந்த மண்சாலை ஏன் வளைந்து செல்கிறது என்ற கேள்வி வரைபடத்தைப் பார்த்தபோது எழுந்தது. விடை நிலத்தடியில் இருந்தது. 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்த பேரார்ட்டீசியன் படுகையின் நீர், அதன் விளிம்பில் ஊற்றுகளாகக் கசிந்து மேலெழுகிறது. அந்த ஊற்றுகளின் வரிசையை அரபனா முதலிய தொல்குடியினர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். அவ்வழியே செங்காவி உள்ளிட்ட பண்டங்கள் கைமாறின. 1859 முதல் ஜான் மெக்டூவால் ஸ்டூவர்ட் அதே ஊற்றுகளைப் பற்றிக்கொண்டு வடக்கே நகர்ந்தார். 1872இல் நிறைவுற்ற தந்திக் கம்பித்தடம் அவரைப் பின்தொடர்ந்தது. நீராவி எஞ்சினுக்கும் நீர் தேவை என்பதால் இருப்புப்பாதையும் அவ்வழியே சென்று 1891இல் ஊட்னடாட்டாவை எட்டியது. அத்தடம் 1980இல் கைவிடப்பட்டது, சாலை எஞ்சியது. நாம் ‘பாதை’ என்பது நீரின் இருப்பிடம் குறித்த ஓர் அறிவே. ஆனால் நெடுஞ்சாலைக்குக் கிடைத்த பெயர் ஸ்டூவர்ட்டினுடையது.

இந்த வரலாற்றில் நம் துணைக்கண்டத்துக்கும் பங்குண்டு. பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், பெஷாவர் பகுதிகளிலிருந்து சென்ற ஒட்டகக்காரர்களே இருப்புப்பாதைக்கு முன்னும் பின்னும் உள்நிலத்துக்குச் சரக்கு சுமந்தனர். எவ்வூரினராயினும் அனைவரையும் ‘ஆப்கானியர்’ என்றே அழைத்தனர். மரீயில் அவர்கள் மண்சுவரில் ஒரு பள்ளிவாசல் எழுப்பினர். ரயில் தண்டவாளத்தின் ஒருபுறம் ஐரோப்பியர் வாழ, மறுபுறம் ஒட்டகக்காரர்களும் தொல்குடியினரும் வாழ்ந்தனர். புலம்பெயர் உழைப்பைப் படிப்பவன் என்ற முறையில், அந்தத் தண்டவாளத்தின் மறுபுறத்தைக் காண்பதே என் பயணத்தின் முதல் நோக்கம்.

பிறர் அறிவை அரைகுறையாகப் பெறுவதன் விலையை, இப்பாதைக்கு வடகிழக்கே கூப்பர் கிரீக்கில் நிகழ்ந்தது காட்டுகிறது. 1861இல் பர்க்கும் வில்ஸும் உணவு தீர்ந்தபின் நார்டூ என்னும் நீர்ப்பெரணியின் வித்தகங்களை உண்டனர். நம் வயல்வரப்பில் வளரும் நாலிலை ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது அது. தயமின் உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி அதில் உண்டு. யாண்ட்ருவாண்டா மக்கள் அதை உரிய முறையில் பக்குவப்படுத்தி உண்டுவந்தனர். பயணிகள் பொருளை அறிந்தனர், பக்குவத்தை முழுமையாக அறியவில்லை. வயிறு நிறைந்தும் உடல் நலிந்தது. அவர்கள் மரணத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. உடனிருந்த ஜான் கிங்கை யாண்ட்ருவாண்டா மக்கள் தங்களுடன் வைத்துப் பேணினர். அவர் மட்டும் உயிருடன் திரும்பினார்.

தரவை எடுத்துக்கொண்டு அதைத் தாங்கிநிற்கும் முறையை விட்டுவிடுவது ஆய்வுலகிலும் நிகழ்வதே. களத்திலிருந்து சொற்களைக் கொண்டுவருகிறோம். சொன்னவரின் பெயர் அடிக்குறிப்பிலும் இடம்பெறாமல் போகிறது.

அந்த ஊற்றுகள் இன்று பாதுகாப்பாகவும் இல்லை. ஒலிம்பிக் டேம் சுரங்கம் இதே படுகையிலிருந்து நீர் எடுக்கிறது. ஊற்றுகள் நலிவதைக் குறித்து அரபனா மக்கள் நெடுங்காலமாகக் குரல் எழுப்பி வருகின்றனர். ஆகவே எங்கள் அட்டவணையில் ‘நீர்’ என்ற பத்திக்கு அருகே இன்னொரு பத்தியைச் சேர்த்திருக்கிறோம்: ஒவ்வொரு தங்குமிடத்துக்கும், அது எம்மக்களின் நிலம், அங்கே செல்ல யாரிடம் அனுமதி பெறவேண்டும், எதைத் தொடலாகாது. எரிபொருள் பத்தியை ஒரே மாலையில் நிரப்பிவிட்டோம். இந்தப் பத்தி இன்னும் பாதிக்குமேல் காலியாக இருக்கிறது. அது நிரம்பும்வரை பயணச்சீட்டு எடுப்பதில்லை என்று முடிவுசெய்துள்ளோம்.

ஒட்டகக்காரர்கள் பற்றிய உருது, பஞ்சாபி, பஷ்து ஆவணங்களை அறிந்த நண்பர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.