கைவேலை

'கையால் செய்தது' என்று சொன்னால் சில சரக்குக்கு விலை ஏறும், சில சரக்குக்கு இறங்கும். கைமுறுக்கு, கைத்தறிப் பட்டு, கையால் தட்டி எடுத்த கார் எல்லாம் முதல் வகை. தெருவோரம் கையால் தைத்த செருப்பு இரண்டாவது வகை. இரண்டிலும் உழைப்பது கைதான். அப்படியானால் விலை வைப்பது கையின் திறமை அல்ல, அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்கிற கணக்கு. பேச விடாமல் தடுக்கப்பட்டு 1936இல் அம்பேத்கர் தானே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்கி வைத்தது என்கிறார். மாணவனாக இருந்தபோது இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். விளங்கியது ஒரு தகரக் கொட்டகையில்.

கோவையில் கணபதிப் பக்கம் அந்தக் கொட்டகை. 2016 ஆவணியில் தொடங்கி 2017 மார்கழி வரைக்கும் அங்கே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. கம்பெனி வண்டியை வாங்கி வேஷம் மாற்றின சமாச்சாரம் இல்லை. சட்டத்திலிருந்து கதவு வரைக்கும் அங்கேயே செய்தது. இரண்டே சீட்டு. எஞ்சின் ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால். செய்தவர் என் பெரியப்பா மகன். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நான் பல நாள் அங்கே டாலி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எஞ்சின் பழைய மாருதி எஸ்டீமிலிருந்து கழற்றியது, 1300 சி.சி. அது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் ஒரே கட்டு. கட்டை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்தால் பின்சக்கரம் தள்ளுகிற வண்டியாகிவிடும். கேட்க லேசு. ஆனால் முன்னால் இருந்தபோது ஸ்டியரிங்குக்குத் திரும்பிய சக்கரங்கள் பின்னால் போனபிறகு திரும்பவே கூடாது. ஸ்டியரிங் கம்பி பிடித்திருந்த இடத்தில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வேறு கம்பி போட்டுச் சட்டத்தோடு கட்ட வேண்டும். ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் முதுகில். தண்ணீர் போய்வர வண்டி நீளத்துக்கு இரண்டு குழாய். கியர் மாற்ற நீளமான கேபிள். சட்டம் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயில். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறுக்கே ஒரு குழாய் ஓடி அதை முக்கோணமாக்கும். கட்டம் முறுக்கினால் கோணும், முக்கோணம் கோணாது. இதையெல்லாம் அண்ணன் தரையில் சாக்பீஸால் வரைந்து எனக்குச் சொன்னார். அவர் படிப்பு ஒன்பதாவதோடு சரி.

உடம்பு வேலைதான் பெரிய வேலை. சுவரில் 1960களின் இத்தாலிக் கார் ஒன்றின் படம் ஒட்டியிருந்தது. வரைபடம் கிடையாது. முதலில் கம்பியை வளைத்து உருவம் கட்டினார். அதன்மேல் காகிதத்தை வைத்து அளவெடுத்து, 20 கேஜ் தகட்டில் வெட்டினார். சக்கரத்துக்கு மேல் வரும் வளைவைத் தட்டையான தகட்டிலிருந்து எடுக்க வேண்டும். மணல் நிரப்பிய தோல் மூட்டைமேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்க, நடுப்பகுதி குழியும். குழியக் குழியத் தகடு மெலியும், ஓரம் சுருங்கி மடிப்பு விழும். மடிப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அமுக்க வேண்டும். பிறகு உள்ளே டாலி, வெளியே சுத்தியல் என்று வைத்து மெல்லத் தட்டி நிரவ வேண்டும். எங்காவது தகடு நீண்டு தொப்பை போட்டுவிட்டால் அந்த இடத்தில் மட்டும் கேஸ் தீயைக் காட்டிச் சிவக்க வைத்து, நாலு தட்டுத் தட்டி ஈரத்துணியை அழுத்த வேண்டும். உஸ்ஸென்று சுருங்கிக்கொள்ளும். பானெட்டுக்கு அலுமினியம். அலுமினியம் சூட்டில் நிறம் மாறாது, திடீரென்று உருகி ஓட்டை விழும். அதனால் துணி சோப்பைத் தகடு முழுக்கத் தேய்த்துத் தீயைக் காட்டினார். சோப்பு கருகினால் தகடு பதமாகிவிட்டது, உடனே தீயை எடுத்துவிட வேண்டும். எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று கேட்டேன். "மேஸ்திரி சொன்னாரு, அவருக்கு அவுங்க மேஸ்திரி சொல்லியிருப்பாரு" என்றார்.

மேடு பள்ளத்தைக் கண்ணால் பார்க்க மாட்டார். மெல்லிய துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையை ஓட்டுவார். "கண்ணு ஏமாத்தும்டா தம்பி, கை ஏமாத்தாது." நான் கையை வைத்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். ட்யூப்லைட்டைக் கிட்டே பிடித்தால், அந்த வட்டத்துக்குள் வந்ததும் வெளிச்சக்கோடு நெளியும்.

அந்தத் தோல் மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் விற்கிறது, விலை ஜாஸ்தி, தையலும் நிற்காது. அண்ணன் ஈரோட்டிலிருந்து எருமைத்தோல் வாங்கிவந்து பெரியப்பாவிடம் கொடுத்தார். எங்கள் அப்பாரு பண்ணையத்துக்குக் கவலைத் தோல் தைத்த மாதாரி. கிணற்றிலிருந்து மாடு இழுக்கிற சால், அதன் தோல் வால், வருசம் முழுக்க அதைத் தைக்கிறதும் ஒட்டுப் போடுகிறதும் அவர் வேலை. கூலி களத்தில் அளந்து போடுகிற தானியம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்லும் மோட்டார் பட்டறையும் பெருகிய கதையை நகரத்தின் பெருமையாக எழுதுகிறார்கள். பெருமைதான். 1960களில் எங்கள் பண்ணாடி கிணற்றிலும் மோட்டார் இறங்கியது. சாலுக்கு வேலை போனது. சாமி என்று கும்பிடுகிற வேலை மட்டும் போகவில்லை. அதை விட்டுத் தப்பித்து வந்தவர் பெரியப்பா. வந்த இடத்தில் கிடைத்தது நகரத்தின் குப்பையும் சாக்கடையும்.

தோலைப் பார்த்ததும் பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "இந்த எழவ விட்டொழிக்கத்தான்டா டவுனுக்கு வந்தோம். மறுபடி ஊட்டுக்குள்ள கொண்டாறே."

"சாலுக்கில்லீங்கப்பா, காருக்கு."

இரண்டு நாள் தோலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாருவின் குத்தூசியைப் பரணிலிருந்து எடுத்தார். இரட்டைத் தையல். 16 மாதம் அடி வாங்கியும் ஒரு மணல் வெளியே வரவில்லை.

குலத்தொழிலைப் புகழ்கிறான் என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்துக்குப் புது அட்டை போட்டு 'மரபு', 'கைவினை' என்று இன்றைக்கும் விற்கிறார்கள். பெரியப்பா அந்த ஊசியைத் தொடாமலே செத்திருந்தாலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நான் கேட்பது வேறு. திறமையை வாங்கிக்கொண்டு ஆளைத் தள்ளி வைக்கிற வித்தையை எப்படி இவ்வளவு காலம் ஓட்டினார்கள்? எங்கள் பாடத்திலேயே இருந்தது. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்கிறான். அதியமான் அந்தச் சக்கரம் போன்றவன் என்கிறார் ஔவையார். 82ஆம் பாட்டில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவனின் கை ஊசி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம் அரசனின் போர். கையின் வேகம் அரசனுக்கு உவமையாகலாம். கைக்குச் சொந்தக்காரன் பெயர் மட்டும் 'இழிசினன்'. வகுப்பில் உவமை நயம் கேட்டார்கள், எழுதினேன், மதிப்பெண் வந்தது. அந்தச் சொல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த படத்தின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை செய்தது மொத்தமே 36. அதில் ஒன்று 2018இல் அமெரிக்காவில் ஏலம் போனது 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு, ரூபாயில் 300 கோடிக்கு மேல். அதன் உடம்பைச் செய்த பட்டறைக்காரர் செர்ஜியோ ஸ்காலியெத்தி. அப்பா இறந்து போனதால் 13 வயதில் பள்ளியை விட்டு டிங்கர் பட்டறைக்குப் போனவர். அவரும் கண் அளவாக, மணல் மூட்டைமேல் அலுமினியத்தை வைத்துத் தட்டியவர்தான். 2004இல் ஃபெராரி ஒரு காருக்கு அவர் பெயரையே வைத்தது. 2011இல் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் எழுதின. இத்தாலி சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை, முதலாளி அங்கேயும் முதலாளிதான். ஆனால் தட்டினவன் பெயர் வண்டியின்மேல் வந்தால் வண்டி தீட்டாகிவிடும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. நம் கோவையிலும் 1980களின் கடைசியில் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை சீட்டு ரேஸ் கார்கள் செய்தார், இளைஞர்கள் பந்தயத்துக்கு வர வழி திறந்தார். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது. இருக்கட்டும். ஓட்டினவர்கள் பெயரும் நமக்குத் தெரியும். இந்த நகரத்தில் சுத்தியல் பிடித்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதின ஆள் யார்?

அண்ணனின் சின்ன முதலாளிக்கு வருகிறேன். ஆசை உண்டு, பணம் உண்டு, நல்லாப் பேசுவார். சாயங்காலம் டீ வரும். அவருக்கும் நண்பர்களுக்கும் எவர்சில்வர் டம்ளர், எங்களுக்குப் பேப்பர் கப். இரட்டைக் குவளை என்று புகார் எழுதிய தலைமுறை நாங்கள். கழுவாமல் தூக்கிப் போடுகிற கப் வந்தபிறகு புகார் எழுதக்கூட இடமில்லை, சுகாதாரம் என்பார்கள். 2016 நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாது என்றதும் கூலி நின்றது. ஒரு நாளைக்கு 800 ரூபாய் பேச்சு. "பேங்க்ல பணம் வர்லீங்கண்ணா, என்ன பண்றது" என்றே நாலு மாசம். வண்டிக்கு டயர் மட்டும் வந்தது. முடிந்தபோது பாக்கி 60,000. அது மூன்று தவணையாக வந்துசேர 2019 ஆனது.

வண்டியை வெளியே எடுத்த நாள் ஒரு ஓடுதளத்தில் விழா. சிவப்பு, நல்ல சிவப்பு. தட்டியில் அவர் படம். தன் கையாலேயே உருவாக்கினார் என்று மைக்கில் சொன்னார்கள். அண்ணன் வெயிலில் டூல்ஸ் பெட்டியோடு நின்றார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று முந்தின நாளே கேட்டிருந்தார். "அப்புறம் பாக்கலாம்ணா." அந்த அப்புறம் வரவில்லை. கொட்டகை வாசலில் முதல் கியரில் முன்னும் பின்னும் நகர்த்தியதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். துண்டறிக்கை போடலாம், பத்திரிகைக்கு எழுதலாம் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "பேரு போட்டா நாளைக்கு போலீஸ்காரன் என்னையத்தான்டா தேடி வருவான். ஆர்.சி. இல்லாத வண்டி."

அதுவும் நிஜம்தான். மோட்டார் வாகன விதிகள் (1989) 126ஆம் பிரிவின்படி புது மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற அமைப்பில் சோதித்துச் சான்று வாங்கினால்தான் ரோட்டில் ஓடலாம். அது கம்பெனிக்காரன் தாங்குகிற செலவு. பழைய வண்டியின் பதிவில் ஓட்டிவிடலாம் என்றால், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. பிரிட்டனில் ஒற்றை வண்டியாகவே சோதித்துப் பதிவு செய்ய வழி உண்டு. இங்கே கையால் செய்த காருக்கும் செய்தவருக்கும் ஒரே நிலைமை. இரண்டுக்கும் காகிதம் இல்லை.

2021இல் வண்டி கைமாறியது. வாங்கியவர் பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் தென்னந்தோப்புக்காரர், தோப்புக்குள்ளேயே தார் ரோடு போட்டு வைத்திருந்தார். அடுத்த மாதமே மரத்தில் உரசிப் பின்பக்க இடது வளைவு நசுங்கிவிட்டது. இரண்டு பட்டறைக்காரர்கள் வந்து பார்த்து, பட்டிதான் பூசணும், இந்த வளைவு எங்களுக்கு வராது என்று சொல்லிப் போய்விட்டார்கள். எப்படியோ விசாரித்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அண்ணன் முதலில் 10,000 முன்பணம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு துணியை விரித்து உள்ளங்கையை ஓட்டினார். ரொம்ப நேரம் ஓட்டினார். நிமிர்ந்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "சட்டத்துல அடி பட்டிருக்குதுங்களான்னு நிக்கிற வண்டியில தெரியாதுங்க. ஓட்டிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

சாவியைக் கொடுத்தார்கள். என்னைப் பக்கத்தில் ஏறச் சொன்னார். எங்கள் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது, பேசினால் காது கேட்காது. தோப்பைச் சுற்றி வந்து நிறுத்தினோம். என்னங்க ஆச்சு என்று கேட்டுக்கொண்டே அவர் கிட்டே வந்தார். அண்ணன் இறங்கவில்லை.

"சரியாப் பிடிபடலீங்க. இன்னொரு ரவுண்டு போயிட்டு வந்துர்றேன்."