சிந்தின பால்

அம்மாவின் எம்ஆர்ஐ அறிக்கையில் 'ஃபசேகாஸ் 2' என்று ஒரு வரி இருந்தது. இணையத்தில் தேடிப் பார்த்த அண்ணன் முடிவே கட்டிவிட்டார்.

"மூளை பாதிச்சிடுச்சு. ஜாசின் வீட்டுல இனித் தனியா விடக்கூடாது. வீட்டை வித்துட்டு நம்மள்ல ஒருத்தர் கூட்டிக்குவோம்."

அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை.

இரண்டு முறை விழுந்திருந்தார். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். ஆசகான் பக்கத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டி, வாளியோடு மேடு பள்ளம் ஏறி இறங்கியவர். வயசாச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அடுத்த சந்திப்புக்கு நான் கூட்டிப் போனேன். மருத்துவர் திரையை அம்மா பக்கம் திருப்பினார். அம்மாவின் தோட்டத்து மலாய் போதுமானதாக இருந்தது. விட்ட இடத்தில் நான் சேர்த்துச் சொன்னேன்.

மூளையின் உள்ளே, ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பு இழைகள்தான் வெண்பொருள். பல வருட ரத்தக்கொதிப்பில் அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் தடித்துப்போக, ரத்தம் சரியாகப் போகாமல் இழைகள் பழுதாகும். பழுதான இடம் ஸ்கேனில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் முறையை 1987இல் எழுதியவர் ஃபிரான்ஸ் ஃபசேகாஸ் என்ற ஆஸ்திரிய மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும். மூளையின் நீர் அறைகளைச் சுற்றியுள்ள வெள்ளைக்கு ஒரு மதிப்பெண், ஆழத்தில் உள்ளதற்கு ஒன்று. ஆழத்தில் ஒன்றுமில்லை என்றால் 0. புள்ளி புள்ளியாக இருந்தால் 1. புள்ளிகள் ஒன்று சேரத் தொடங்கினால் 2. பெரிய திட்டாகிவிட்டால் 3.

"தரையில சிந்தின பால் மாதிரி இருக்கு," என்றார் அம்மா.

இந்த எண்ணை வைத்து மறதி நோய் என்று சொல்லிவிட முடியாதாம். அதே 2 இருந்தும் ஒருவர் தெளிவாகக் கணக்குப் பார்ப்பார், இன்னொருவர் தடுமாறுவார். நடை தளர்வதற்கும் விழுவதற்கும் இது காரணமாக இருக்கலாம். வந்த வெள்ளை பெரும்பாலும் போகாது, பரவுவதை மெதுவாக்கலாம். 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர மருந்து எடுத்தவர்களுக்கு, 140க்குக் கீழே போதும் என்று விடப்பட்டவர்களைவிட இது குறைவாகவே கூடியது.

"ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" என்று மருத்துவர் கேட்டார். ஆமாம் என்று நான்தான் பதில் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்?

அன்றிரவு அம்மா வீட்டுச் சமையலறையில் மைலோ டின்னைத் திறந்தால், பிரிக்காத மாத்திரை அட்டைகள். பல மாதத்து மாத்திரைகள்.

"கால் வீங்குது, அதான் நிறுத்திட்டேன். உங்ககிட்ட சொன்னா சத்தம் போடுவீங்க."

அந்த அம்லோடிபின் மாத்திரைக்குக் கால் வீங்குவது தெரிந்த விஷயம்தானாம். கிளினிக்கில் சொன்னதும் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள்.

வீடு விற்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. போன வாரம் அண்ணன் குளியலறையில் கைப்பிடி பொருத்த வந்தார். மாத்திரை எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் கேட்டார்.

"விடிகாலை நாலு மணிக்கு. பெரட்டுக்கு எழும்புற நேரம்."