தோற்ற அணியிலும் நாயகன் உண்டு

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் 1955 முதல் சிறந்த ஆட்டக்காரர் விருது தருகிறார்கள். தோற்ற அணிக்காரர் அதை வாங்கியது ஒரே ஒரு முறை: 1960-ல் நியூயார்க் யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சன்.

நம்ம ஐபிஎல்லிலும் அப்படி ஒன்று உண்டு. 2009 இறுதிப் போட்டி, ஜோகன்னஸ்பர்க். பெங்களூரு அணியின் கும்ப்ளே 16 ரன் கொடுத்து 4 விக்கெட் சாய்த்தார். பெங்களூரு 6 ரன்னில் தோற்றது. ஆனாலும் ஆட்ட நாயகன் அவர்தான்.

தோற்ற அணிக் கதை இல்லை என்றாலும், விருது யாருக்குச் சேர வேண்டும் என்பதில் என் மனசுக்கு நெருக்கமானது 2020 டிசம்பர், சிட்னி. ஆஸ்திரேலியாவுடனான டி20 தொடரில் மூன்று ஆட்டங்களில் 6 விக்கெட் எடுத்தார் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன். தொடர் நாயகன் விருது ஹர்திக் பாண்டியாவுக்கு. அவரோ, இதற்குத் தகுதியானவர் நடராஜன்தான் என்று சொல்லி, அந்தக் கோப்பையை நடராஜன் கையிலேயே கொடுத்துவிட்டார். டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகிய சேலத்துக் கை அது!

நாமக்கல், சேலம் பக்கம் ஊர் டோர்னமென்ட் நடத்துகிற தம்பிகளே, பைனலில் தோற்ற டீமில் நன்றாக ஆடியவனுக்கும் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள். அடுத்த நடராஜன் அந்த டீமிலும் இருக்கலாம்.