எதிரியைக் கடந்து செல்லல்

எதிரியை வெல்வது எவ்வாறு என்று கற்பிக்கும் நூல்கள் உலகில் ஏராளம். எதிரியைக் கடந்து செல்வது எவ்வாறு என்று கற்பிப்பவை மிகச் சிலவே. நம் அன்றாட வாழ்விலோ வெல்ல வேண்டிய எதிரிகளைவிடக் கடந்து செல்ல வேண்டிய எதிரிகளே மிகுதி. ஊறிப்போன ஒரு தீய பழக்கம், ஓயாது வம்புக்கு இழுக்கும் ஓர் உறவு, நெஞ்சை அரித்துக்கொண்டே இருக்கும் ஒரு பழைய வன்மம் ஆகியவை நம் வழியை மறித்து நிற்கின்றன. இவற்றை வெட்டி வீழ்த்த நம்மிடம் வாளில்லை; இவற்றைத் தாண்டிப் போகாவிடில் நமக்கு வாழ்வுமில்லை. இதைப்பற்றி ஆழ்ந்து எண்ண, எதிர்பாராத இடத்திலிருந்து நமக்கு ஓர் உதவி கிடைத்தது. அது ஒரு விளையாட்டின் விதிநூல்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். அமெரிக்கரான கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதை உருவாக்கி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நண்பர் நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் செய்ய விரும்புவதைச் சொல்வர். ஐயத்துக்குரிய செயலின் விளைவை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். போர் மூளும்போது கட்டமிட்ட தாளின்மேல் சிறு உருவங்களை வைத்து நகர்த்துவதும் உண்டு. பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கென ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-இல் வெளியிட்ட போர் விளையாட்டை இதன் மூதாதையருள் ஒன்று எனலாம். 1980-களில், இது இளைஞரைப் பேய் வழிபாட்டுக்கு இட்டுச்செல்லும் என்ற அச்சம் அமெரிக்கக் கிறிஸ்தவரிடையே பரவியது. பூதங்களும் பறவை நாகங்களும் உலவும் கதை என்பதால் நம் பெற்றோரும் தயங்கக்கூடும். நூலைத் திறந்து பார்ப்பவருக்கோ, அதில் பெரும்பகுதி கணக்கும் ஒழுங்குமே என்பது விளங்கும்.

அவ்வொழுங்குகளுள் ஒன்றே நம் பொருள். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். போரின் ஒவ்வொரு சுற்றும் 6 விநாடி. அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். தன் முறையில் ஒரு சாதாரண மனிதன் 30 அடி தூரம் நடக்கலாம். ஒரு செயலும் புரியலாம். ஒரு கட்டம் 5 அடி. வாளேந்திய எதிரியின் கை எட்டும் தூரமும் பொதுவாக 5 அடியே. அந்த எல்லைக்குள் நுழைபவனுக்கு அதற்காக அடி விழுவதில்லை. அதற்குள்ளேயே எதிரியைச் சுற்றிச் சுற்றி நடந்தாலும் விழுவதில்லை. எல்லையை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில்தான் எதிரிக்கு ஓர் அடி அடிக்கும் உரிமை பிறக்கிறது. இதனை 'வாய்ப்புத் தாக்குதல்' என்று சொல்லலாம். 1979-ஆம் ஆண்டு விதிநூலிலேயே, போரை முறித்துக்கொண்டு ஓடுபவனை எதிரி ஒருமுறை கூடுதலாகத் தாக்கலாம் என்ற விதி இருந்தது. சதுரங்கம் ஆடுவோருக்கும் இக்கருத்து புதிதன்று. சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாய்ந்து, எதிர்ச் சிப்பாயின் பிடிக்குத் தப்பிப் பக்கத்தில் போய் நின்றால், கடந்த அக்குற்றத்துக்காகவே அடுத்த நகர்வில் அதைப் பிடித்துவிடலாம்.

நுழைவதற்குக் கட்டணமில்லை, வெளியேறுவதற்கே கட்டணம். ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து நெடுநாள் செவிமடுத்தோர் யாவரும் இவ்விதியை அறிவர். முதற் குவளையை யாரோ அன்புடன் வாங்கித் தந்திருப்பர். முதற் சீட்டாட்டத்தில் கையிலே பணம் சேர்ந்திருக்கும். பல்லாண்டு அந்த எல்லைக்குள்ளேயே சுற்றி வரும்போது ஒன்றும் நேரவில்லை என்றே தோன்றும். விட்டுவிடுவோம் என்று ஒருவர் கால் எடுத்து வைக்கும் நாளில்தான் அடி விழுகிறது. உடல் நடுங்குகிறது, பழைய தோழர் எள்ளி நகையாடுகின்றனர், உறக்கம் வருவதில்லை. 'நல்ல வழிக்குத் திரும்பியபின் அன்றோ எனக்குத் துன்பம் வந்தது?' என்று அவர் கலங்குகிறார். எல்லைக்கோட்டை அவர் தாண்டுகிறார் என்பதற்கு அவ்வடியே சான்று.

அடி படாமல் வெளியேறவும் விதி ஒரு வழி வைத்திருக்கிறது. 'விலகுகிறேன்' என்று ஆட்டக்காரர் அறிவித்தால், அம்முறை முடியும்வரை அவருடைய நடையை எதிரி தாக்க இயலாது. ஆயினும் அவ்விலகலே அம்முறைக்குரிய செயலாகிவிடும். அந்த 6 விநாடியில் வாளை வீச இயலாது. பிறர்க்கு மருந்திட இயலாது. விலகுவது ஒரு முழு வேலை. வேறு வேலையின் ஓரத்தில் அதைச் செருகிவிட முடியாது. பாவச் சந்தர்ப்பங்களை விலக்குவதாக நாம் செய்யும் பிரதிக்கினை பல நேரம் தோற்பது இங்கேதான். கடையை விட வேண்டும், கடை நண்பர்களின் கூட்டத்தையும் விடக்கூடாது என்கிறோம். பகையை மறக்க வேண்டும், கடைசியாக ஒரு சொல்லையும் சொல்லிவிட்டு வரவேண்டும் என்கிறோம். விலகலும் வாள்வீச்சும் ஒரே முறையில் கூடிவாரா. கள்வன் போன்ற சில பாத்திரங்கள் மட்டும் தேர்ச்சி கூடியபின் இலகுவாக விலகுவர். மற்றொரு செயலுக்கும் அவர்கட்குக் கை மிஞ்சும். புண்ணியமும் பழக்கத்தால் இலகுவாகும் என்று புனித தோமா அக்குவினார் கற்பித்ததும் இதுவே அன்றோ?

விலகல் வேறு, வெருண்டோடல் வேறு. 1521-இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்த போர்வீரர் புனித லொயோலா இஞ்ஞாசியார். பிற்பாடு தம் ஆன்மப் பயிற்சிகளில் அவர் தரும் அறிவுரையில் போர்க்களத்தின் வாடை வீசுகிறது. உறுதியாக எதிர்நின்றால் பகைவன் தளர்வான். அஞ்சி மனம் தளர்ந்தால் அவனைவிடக் கொடிய விலங்கில்லை என்பது அவர் கருத்து. எபேசியர் திருமடலில் தூய பவுல் அடுக்கும் படைக்கலங்களுள் முதுகுக்கென ஒன்றும் குறிப்பிடப்படவில்லை என்பதையும் இங்கு நினைக்கலாம். விலகுபவர் முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குகிறார்.

ஆனால் எல்லா எதிரியும் ஒரே தன்மையர் அல்லர். காவற்காரனின் தேர்ச்சி பெற்ற எதிரி, விலகுகிறேன் என்று அறிவித்தவனையும் அடிக்கலாம். அடி பட்டால் அவன் அம்முறை முழுதும் நகர முடியாது. நெடுநாள் மதுவில் ஊறிய உடல் இத்தகையது. திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி, உயிருக்கே தீங்கு நேரலாம். அத்தகையோரை 'மன உறுதி இல்லாதவர்' என்று பழித்து நிற்பது அறமன்று. செபத்தோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்வதே அறம்.

இன்னும் இரண்டு விதிகள் நம் நெஞ்சைத் தொட்டன. முதலாவது, ஓர் எதிரிக்கு ஒரு சுற்றில் இத்தகைய அடி ஒன்றே உண்டு. ஆதலால் வலுவுள்ள தோழன் ஒருவன் முன்னே நடந்து அந்த அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டால், பின்வரும் மெலிந்தவன் காயமின்றிக் கடந்துவிடலாம். குடும்பத்தின் பழியைத் தான் ஏற்றுக்கொண்டு மகனைத் தலைநிமிரச் செய்யும் தாயை நாம் கண்டதில்லையா? நம் அனைவருக்கும் முன்னே நடந்து, சாவின் அடியைத் தம்மேல் வாங்கிக்கொண்டவரை அன்றோ நாம் ஆண்டவர் என்கிறோம்?

இரண்டாவது, தன் நடையால் அன்றிப் பிறரால் தள்ளப்பட்டோ இழுக்கப்பட்டோ எல்லையைக் கடப்பவனை எதிரி அடிக்க இயலாது. தொடக்க நூலில் சோதோம் நகரைவிட்டுப் புறப்படத் தயங்கி நின்ற லோத்தை, வானதூதர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்ட நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. தன் காலால் வெளியேற மாட்டாதவனையும் தூக்கிச் செல்லும் கை ஒன்று உண்டு. அதற்கு அருள் என்று பெயர். நம் குடும்பங்களில் தயங்கி நிற்போர்க்கு அக்கையாக இருக்கவே நாம் அழைக்கப்பட்டுள்ளோம்.

ஒன்று மட்டும் மறவாதிருப்போம். விளையாட்டில் எதிரே நிற்பது பூதம். வாழ்விலோ பெரும்பாலும் நம் அண்ணன், நம் அண்டை வீட்டார். நிலத் தகராறில் பேச்சற்றுப் போன உடன்பிறப்பை வெல்ல முயலும் வரை அவர் நமக்கு எதிரியே. காயப்படுத்தாமல் கடந்து சென்றால், அவர் உயிரோடும் மானத்தோடும் நமக்குப் பின்னே இருப்பார். மீண்டும் சந்திக்க வழி இருக்கும். நாசரேத்தில் சினங்கொண்ட மக்கள் ஆண்டவரை மலை உச்சியிலிருந்து தள்ளிவிட எண்ணியபோது, அவர் எவரையும் வீழ்த்தவில்லை. அவர்கள் நடுவே நடந்து தம் வழியே போனார் என்று லூக்கா எழுதுகிறார். தொடக்கத்தில் அவரை நம்பாதிருந்த அவருடைய சகோதரர்கள், பின்னாளில் அன்னை மரியாவோடு மேலறையில் செபத்தில் நிலைத்திருந்ததாகத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. கடந்து சென்றவருக்கே, விட்டுச் சென்றோரைத் திரும்பப் பெறும் பேறும் வாய்த்தது.