முப்பது அடிப் படகுக்கு ஒரு அப்ரைசல் நோட்

2023 ஏப்ரல் 29-ம் தேதி நம்ம கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி, தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிவிட்டு பிரான்ஸ் திரும்பினார். 236 நாள். கோல்டன் குளோப் ரேஸில் இரண்டாம் இடம். அவர் ஓட்டியது புதுப் படகு டிசைன் இல்லை. அந்தப் பந்தயத்தின் விதியே அப்படி. 1988-க்கு முன்னால் வரைந்த டிசைனாக இருக்க வேண்டும், நீளம் 32-லிருந்து 36 அடிக்குள், ஒரே அச்சில் குறைந்தது 20 படகாவது வார்த்திருக்க வேண்டும். கார் மாதிரி வரிசையாக வார்த்து விற்கிற படகுக்குத்தான் புரொடக்‌ஷன் போட் என்று பேர். அவருடையது ரஸ்லர் 36.

இந்தச் செய்தியைப் படித்த நாளில் இருந்து எங்க அத்தானுக்குத் தூக்கம் போச்சு.

அத்தான் மரைன் எஞ்சினியர். முப்பது வருஷம் கப்பலில் இருந்துவிட்டு இப்போது நவி மும்பையில் ரிட்டயர்டு வாழ்க்கை. லங்காவியில் ஒரு பழைய காட்டலினா 30 விலைக்கு வந்திருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1979-ல் கட்டியது, விலை 14,000 டாலர். வாங்கி, ஜனவரியில் போர்ட் பிளேர், அங்கிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு கொச்சி. கூட அக்காவும். இதுதான் திட்டம். பணம் எங்கிருந்து? ரிட்டயர்மெண்ட் பணத்தில் மிச்சம் இருக்கிற டெபாசிட்டில் இருந்து.

அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நீ பேங்க்ல தெனமும் யாருக்காவது முடியாதுன்னு சொல்றவன்தானே. உங்க அத்தானுக்கும் ஒரு தடவ சொல்லிரேன்."

வாங்கவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு பைலைப் பிரிப்பது என் வழக்கம் இல்லை. "அத்தான், லோன் பைல் மாதிரியே பாத்துருவோம்" என்றேன். அவருக்கும் சம்மதம். அடுத்த ஒரு மாசம், பி.காம். படித்த எனக்குப் படகுப் பாடம்தான்.

முதலில் ரேஷியோ. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்கு இங்கிலாந்தில் இருந்து 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் புயல். போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள், 5 படகுகள் மூழ்கின. ஏன் இத்தனை படகு கவிழ்ந்தது என்று ஆராய்ந்தவர்கள் ஒரு எளிய கணக்கு கொடுத்தார்கள். படகின் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுக்க வேண்டும். அதன் கனமூலத்தைக் கண்டுபிடித்து, படகின் அகலத்தை (அடியில்) அதால் வகுக்க வேண்டும். விடை 2-க்கு மேல் போனால் நடுக்கடலுக்கு ஆகாது. கீழே இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம்.

போட்டுப் பார்த்தேன். கண்டெஸா 32 என்கிற பிரிட்டிஷ் படகு: அகலம் 9.5 அடி, எடை 9,500 பவுண்டு, விடை 1.79. அந்த ஃபாஸ்ட்நெட் புயலில் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகு 'அசென்ட்', அது ஒரு கண்டெஸா 32. அத்தானின் காட்டலினா 30: அகலம் 10 அடி 10 அங்குலம், எடை 10,200 பவுண்டு. விடை சரியாக 2.00. பார்டர் கேஸ்!

அத்தான் துள்ளிக் குதித்தார். "ரெண்டுக்கு மேல போகலல்ல மாப்ளே?"

ரேஷியோவை நம்பி மட்டும் லோன் கொடுத்தவன் கதை எந்த பேங்கிலும் நாலு இருக்கும். ஓடாத சரக்கைக் குடோனில் அடுக்கி வைத்து ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் காட்டினால் கரண்ட் ரேஷியோ அழகாக உயரும். வியாபாரம் படுத்திருக்கும். இந்தப் படகுக் கணக்கும் அப்படித்தான். எடை எவ்வளவு என்று மட்டும்தான் அது கேட்கிறது, எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒரு டன் இரும்பைப் பாய்மர உச்சியில் கொண்டுபோய்க் கட்டினால் இந்தக் கணக்கில் படகு இன்னும் "பாதுகாப்பு" ஆகிவிடும். நிஜத்தில் முதல் அலையிலேயே குப்புற விழும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. எத்தனை டிகிரி சாய்ந்த பிறகும் படகு தானாக நிமிரும்? கடல் கடக்கிற படகுக்கு 120 டிகிரியாவது வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கண்டெஸா 32-க்கு 150-ஐயும் தாண்டுகிறது. அகலம் குறைவு, கீழே ஈயம் நிறைய. காட்டலினா அகலமான, வசதியான, குடும்பத்தோடு வார இறுதியில் போய்வர வரைந்த படகு. ஆறாயிரத்துக்கும் மேல் விற்றிருக்கிறார்கள் என்றால் சும்மாவா? அந்த வேலைக்கு அது அருமையான படகு. நாம் கேட்கிற வேலை வேறு.

அடுத்து அத்தான் எடுத்து வைத்தது டிராக் ரெக்கார்டு. "இதே படகுதான் மாப்ளே அமெரிக்காவுல இருந்து பசிபிக்கத் தாண்டி லங்காவி வந்திருக்கு!"

வாஸ்தவம். இதைவிடச் சின்ன காட்டலினா 27-லேயே ஒருவர் தனியாக உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறார், 1982-ல் முடித்தார். ஆனால் பழைய பார்ட்டி ஒழுங்காகக் கட்டினார் என்பதற்காக அதே கடையை வாங்கிய புது ஆளுக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு லிமிட் கொடுப்போமா? பசிபிக் கடந்தது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய படகு. அதற்குப் பிறகு வெயிலிலும் மழையிலும் சும்மா கட்டிக் கிடந்திருக்கிறது. போதாக்குறைக்கு, பசிபிக் கடந்த ஒவ்வொரு மைலுக்கும் கம்பியும் போல்ட்டும் தேய்ந்திருக்கும். அந்தப் பயணம் அதன் ஆயுளில் இருந்து கழிந்துபோன செலவு.

ஆகவே குடோன் இன்ஸ்பெக்‌ஷன். லங்காவியில் ஒரு சர்வேயரை அத்தான் காசு கொடுத்து அமர்த்தினார். படகைக் கரையேற்றி, மேல்தளம் முழுக்க பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஈரமானி வைத்து அளந்து ரிப்போர்ட் கொடுத்தார். நாலு விஷயம் முக்கியமாக இருந்தது.

ஒன்று, கீல். படகின் அடியில் தொங்கும் ஈயப் பாரத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரிசல் கோடு. காட்டலினாக்காரர்கள் இதற்குச் செல்லமாகக் 'காட்டலினா புன்னகை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பழைய படகுகளில் அந்த இணைப்புக்குள் பிளைவுட் இருக்கும். தண்ணீர் புகுந்தால் மரம் ஊறும், போல்ட் பிடி தளரும். கீல் போனால் படகு கவிழ்வதைத் தடுக்க எதுவும் இல்லை.

இரண்டு, பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்றிவிடுவது வழக்கம். இதில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லை. முனைகளில் துரு. கம்பி பூட்டியிருக்கும் இடங்களைச் சுற்றி மேல்தளத்துக்குள் ஈரம். தட்டினால் டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் தொப் என்று கேட்டதாம்.

மூன்று, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஓட்டைகள். கழிவறை, சிங்க், எஞ்சின் எல்லாவற்றுக்கும் படகின் உடம்பில் துளை உண்டு. அதை மூட சீகாக் என்று உறுதியான அடைப்பான் இருக்க வேண்டும். இதில் இருந்தது வீட்டுக் குழாயில் போடுகிற மாதிரி கேட் வால்வு. அதில் இரண்டு திருகவே வரவில்லை.

நாலு, டிசைனிலேயே இருப்பது. கேபினுக்குள் இறங்கும் வாசல் அகலம், காக்பிட் பெரிசு. துறைமுகத்தில் உட்கார்ந்து டீ குடிக்க ரொம்ப சௌகரியம். பின்னால் இருந்து அலை ஏறினால் அந்தத் தொட்டி நிரம்பி, வாசல் வழியாக உள்ளே இறங்கும். வாசலுக்குப் பூட்டக்கூடிய கனமான பலகையும், தண்ணீர் வடியப் பெரிய குழாயும் போட்டாக வேண்டும். சுக்கானும் முன்னால் தடுப்பு எதுவும் இல்லாமல் தனியாகத் தொங்குகிறது. மிதக்கும் கட்டை ஒன்று மோதினால் போதும். மாற்றுச் சுக்கானுக்கு ஏற்பாடு வேண்டும்.

இதற்கெல்லாம் எஸ்டிமேட் வாங்கினோம். கம்பிகள், பாய், கீல் வேலை, சீகாக், எஞ்சின் ஓவர்ஹால், லைஃப் ராஃப்ட், ரேடியோ, பேட்டரி எல்லாம் சேர்த்து 22,000 டாலர். படகு விலை 14,000. இந்தியா கொண்டுவந்தால் சுங்க வரி தனி. மொத்தம் 36,000 போட்ட பிறகும் சந்தையில் அது 14,000 டாலர் படகுதான், மிஞ்சிப் போனால் கொஞ்சம் கூட. புதுக் கம்பிக்கும் புது வால்வுக்கும் வாங்குபவன் முழு விலை தரமாட்டான். இதே 36,000-க்கு முதலிலேயே கடலுக்கென்று வரைந்து, ஏற்கெனவே யாரோ செலவழித்துப் பராமரித்த படகு கிடைக்கும். பழைய படகில் மலிவு என்று ஒன்று உண்டென்றால் அது முந்தைய முதலாளி போட்ட காசுதான்.

நல்ல டிசைன் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அபிலாஷ் டோமி ஓடிய அதே பந்தயத்தில், அதே விதிக்குள் அடங்கிய கையா 36 படகு ஒன்று 2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே பின்பக்கமாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. ஓட்டியவரை சக போட்டியாளர் கர்ஸ்டன் நியூஷாஃபர் போய் மீட்டார். பந்தயத்தில் ஜெயித்ததும் அவர்தான்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. 1991-ல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் வந்த பெரும் புயலில் 'சதோரி' என்ற வெஸ்ட்செயில் 32-ல் இருந்த மூன்று பேரைக் கோஸ்ட் கார்டு காப்பாற்றியது. ஆள் இல்லாமல் விட்ட படகு தானே மிதந்து மேரிலாண்ட் கடற்கரையில் ஒதுங்கியது. படகு தாங்கியது, உள்ளே இருந்தவர்களால் தாங்க முடியவில்லை. இதை அத்தானுக்குச் சொன்னபோதுதான் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஏனென்றால் லங்காவியில் இருந்து போர்ட் பிளேர் சுமார் 530 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் போனாலும் நாலரை நாள், இரவு பகலாக. இரண்டே பேர் என்றால் மாற்றி மாற்றி முழித்திருக்க வேண்டும். அக்காவுக்கு எலிபெண்டா படகிலேயே தலை சுற்றும்.

நான் எழுதிக் கொடுத்த நோட்டில் கடைசி வரி இது: இந்தப் படகு, இந்த விலைக்கு, இந்தப் பயணத்துக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. கீழே மூன்று நிபந்தனை. கம்பி மாற்றியதற்கு பில் இருக்க வேண்டும். படகு விலையும் ரிப்பேர் செலவும் சேர்ந்து டெபாசிட்டில் கால்பங்கைத் தாண்டக் கூடாது. வாங்குவதற்கு முன் அத்தான் வேறு யாருடைய படகிலாவது ஆளாகச் சேர்ந்து ஒரு முறை கடல் கடந்து வர வேண்டும், அக்கா வருவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு அக்காவே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு மாசம் அத்தான் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பிப்ரவரியில் ஒரு ஆஸ்திரேலியத் தம்பதியின் படகில் சேர்ந்து புக்கெட்டில் இருந்து போர்ட் பிளேர் போய் வந்தார். நாலு கிலோ இளைத்து, முகம் கருத்து, ஏக சந்தோஷமாக வந்தார். படகு ஆசை போகவில்லை. ஆனால் இப்போது பேச்சில் நீளமும் விலையும் வருவதில்லை. வால்வு, போல்ட், கம்பியின் வயசு என்றுதான் வருகிறது.

போன வாரம் வேறொரு படகின் சர்வே ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பியிருக்கிறார். முதல் பக்கத்திலேயே கம்பி மாற்றிய பில் இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கிறேன்.