பக்கத்துக்கு எத்தனை காசு?

பிரிண்டரின் அடிப்பலகையைக் கழற்றியதும் அவர் முதலில் வெளியே எடுத்தது ஒரு பஞ்சுப் பட்டை. கருத்துக் கனத்துக் கிடந்தது. விரலால் அழுத்தினால் மை ஊறி வந்தது. பழைய நாளிதழ் ஒன்றை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார். நாளிதழின் நான்கைந்து பக்கங்களுக்கு ஈரம் இறங்கியது.

"பாருங்க சார், இதெல்லாம் காசு போட்டு வாங்குன மை. ஒரு எழுத்துகூட தாள்ல விழல."

தம்பினில் பிரிண்டர் பழுதுபார்க்கும் இவருக்கு ஐம்பது வயதைத் தொட்டிருக்கும். கடை சிறியது. முன்னால் ஒரு மேசை, பின்னால் கூரை வரைக்கும் அடுக்கிய உயிர்போன இயந்திரங்கள். ஊரின் அமைப்பே இவருடைய தொழிலையும் அமைத்திருக்கிறது. பத்துமலையில் புறப்படும் கொமுட்டர் ரயில் கடைசியாக வந்து நிற்கும் புலாவ் செபாங் நிலையம் மலாக்கா மாநிலத்தில் இருக்கிறது. சற்றே தள்ளி வந்தால் நெகிரி செம்பிலான். மாநில எல்லை ஊடாகப் போகும் ஊர். இவருடைய வேன் ஒருநாள் கெமெஞ்சே, கெமாஸ் பக்கத்துத் தோட்ட அலுவலகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் போகும். மறுநாள் அலோர் காஜா பக்கம் கிளினிக், லாரி கம்பெனி, கோயில் அலுவலகம் என்று சுற்றும். போகிற இடமெல்லாம் இவருக்குப் 'பிரிண்டர் அண்ணன்' என்றுதான் பெயர்.

மேசையில் திறந்து கிடந்தது ஒரு தோட்ட அலுவலகத்தின் இங்க்ஜெட் பிரிண்டர். அது ஏன் நின்றது என்பதை அந்தப் பஞ்சே சொல்லிவிடும். மையைத் துளிகளாகத் தெளிக்கும் துளைகள் தலைமயிரைவிட நுண்ணியவை. சில நாள் சும்மா இருந்தால் வாயிலேயே மை காய்ந்துவிடும். அதைத் தடுக்க, இயந்திரம் தானாகவோ நாம் பொத்தானை அழுத்தியோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மையை உறிஞ்சித் துளைகளைக் கழுவிக்கொள்கிறது. கழுவிய மை போய்ச் சேரும் இடம்தான் இந்தப் பஞ்சு. அங்கே எவ்வளவு மை போனது என்பதை உள்ளே ஒரு கணக்கு எண்ணிக்கொண்டே வரும். எல்லை வந்ததும் விளக்குகள் மாறி மாறி மின்னும், இயந்திரம் வேலைசெய்ய மறுத்துவிடும். பலர் அதோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பஞ்சை மாற்றி, கணக்கைத் திருப்பிப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் அது இன்னும் பல ஆண்டு ஓடும்.

அவர் பழுதை உடனே சரிசெய்யவில்லை. முதலில் கணினியோடு இணைத்து, பிறந்ததிலிருந்து அது எத்தனை பக்கம் அடித்தது என்ற எண்ணிக்கையை எடுத்தார். மூன்று ஆண்டில் 2,100 பக்கம். மாதத்துக்கு அறுபதுகூட இல்லை. அந்த எண்ணைத்தான் அவர் நெடுநேரம் பார்த்தார். நோய் இயந்திரத்தில் இல்லை, வாங்கியதில் இருக்கிறது என்பது அவருடைய தீர்ப்பு.

மறுநாள் காலை பசியாறிவிட்டு, அந்தப் பிரிண்டர் வந்த தோட்டத்துக்குப் போக அவரோடு நானும் வேனில் ஏறினேன்.

ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்ற இந்த நிலத்தில் இன்று பெரும்பகுதி செம்பனை. அலுவலகக் கட்டடம் மட்டும் பழைய சாயலில் இருக்கிறது: உயரமான கூரை, அகலச் சன்னல், முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடந்த களம். அந்நாளில் கிராணி என்னும் எழுத்தர் விடிவதற்கு முன் செக்ரோல் என்னும் வருகைப் புத்தகத்தோடு அங்கே நிற்பார். பெயர் விழாதவருக்கு அன்றைய கூலி கிடையாது. இப்போதைய கிராணி நடுத்தர வயதுப் பெண்மணி. இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள். செக்ரோல் கணினிக்கு வந்துவிட்டது. ஆனால் சம்பளச் சீட்டு இன்னும் தாளில்தான் போகிறது. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் அந்தச் சீட்டைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்களாம். தொழிலாளர் விவரப் பதிவேட்டை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம்; வருமான வரிக்கான ஆவணங்களுக்கு ஏழு ஆண்டு. 'தாளே வேண்டாம்' என்று மேலிடம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கைபேசித் திரையில் மட்டும் காட்டினால் நம்பிக்கை வராத ஒரு தொழிலாளிக்கு அந்தத் தாள்தான் சாட்சி. அதைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அண்ணே, சம்பள நாள்ல இது நின்னுட்டா நான் என்ன பண்றது? தலைமை ஆபீஸ்ல மலிவு விலைக்கு வந்துச்சுன்னு வாங்கி அனுப்பிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

"கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?"

"மாசத்துல ரெண்டு மூணு நாள்தான் வேலை. கலர் வேணாம். அதைச் சொல்லியிருப்பேன்."

இந்த இரண்டு வரிதான் பிரிண்டர் வாங்கும் கலையின் பாதி. மாதத்தில் இருபத்தைந்து நாள் தூங்கி, சம்பள நாளில் மட்டும் விழித்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு மை தெளிக்கும் இயந்திரம் பகை. விழிக்கும்போதெல்லாம் அது தன்னைக் கழுவிக்கொள்ளும். கார்ட்ரிட்ஜில் இருக்கும் மையில் பெரும்பங்கு பஞ்சுக்குப் போகும். லேசர் பிரிண்டரில் இருப்பது டோனர் என்னும் பொடி. பொடி காய்வதில்லை. இரண்டு மாதம் மூடி வைத்தாலும் முதல் பக்கமே தெளிவாக வரும்.

அவர் தம் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்த அம்மாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கார்ட்ரிட்ஜ் 45 வெள்ளி, 150 பக்கம் வரும் என்று வைத்தால் பக்கத்துக்கு 30 காசு. லேசர் டோனர் 240 வெள்ளி, 2,400 பக்கம் என்றால் 10 காசு. தொட்டியில் மை ஊற்றும் வகைக்கு 30 வெள்ளிப் போத்தலில் 3,000 பக்கம் என்றால் ஒரே ஒரு காசு. இதை மட்டும் பார்ப்பவர் தொட்டி வகையைத்தான் வாங்குவார். இந்த அலுவலகத்தில் அதுவும் காய்ந்து, அதுவும் பஞ்சை நிரப்பும். பக்கத்தின் விலையோடு, ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே எத்தனை நாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணிக்கைக்கும் ஒரு பின்கதை உண்டு. லேசர் கறுப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752 என்ற அளவுமுறை 2004இல் வந்தது. அதைப் பின்பற்றும் நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரித் தாளை அடித்துப் பார்த்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். அந்த மாதிரித் தாளில் மை படும் இடம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ஒரு சிறு கடிதம் போல. கட்டம் கட்டமாக, கறுப்புத் தலைப்போடு வரும் செக்ரோல் சுருக்கம் அதைவிட மிகக் கூடுதலாகக் குடிக்கும். புது லேசர் பிரிண்டரோடு வரும் முதல் டோனரைப் பல நிறுவனங்கள் குறைவாக நிரப்பியே தருகின்றன என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். அது தீர்ந்த நாளில்தான் உண்மையான செலவு தொடங்குகிறது.

அலமாரியைத் திறந்தபோது இன்னொரு செலவு வரிசையாக உட்கார்ந்திருந்தது. எப்போதோ செத்துப்போன ஓர் இயந்திரத்துக்கு வாங்கிய டோனர் பெட்டிகள் ஐந்து, ஒன்றும் பிரிக்கப்படவில்லை. அவர் ஒவ்வொன்றையும் திருப்பி எண்ணைப் பார்த்து, மூன்றைத் தனியே எடுத்து வைத்தார். தம்பின் பக்கத்தில் ஒரு பள்ளியில் அதே வகை இயந்திரம் ஓடுகிறதாம். மேலாளரிடம் சொல்லி அங்கே கொடுத்துவிடலாம் என்றார். எந்த அலுவலகத்தில் எது வீணாகக் கிடக்கிறது, எங்கே அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்ற முழு வரைபடமும் இந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஐந்து தோட்டங்கள் ஐந்து வகைப் பிரிண்டர் வாங்காமல் ஒரே வகை வாங்கினால் இந்த அலமாரிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும்.

கிராணியும் சும்மா இருந்தவரில்லை. ஆளுக்கு ஒரு முழுத்தாளாக வந்துகொண்டிருந்த சம்பளச் சீட்டை, தாளுக்கு மூன்றாக அடுக்கி அச்சிட்டு, அடிக்கோல் வைத்துக் கிழித்துக் கொடுக்கிறார். 84 தொழிலாளர்களுக்கு 28 தாள். ஆண்டுக்கு 1,008 தாள் 336 ஆகிவிட்டது. 80 கிராம் தரத் தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம். அவர் மிச்சப்படுத்தியது ஆண்டுக்கு மூன்று கிலோவுக்கு மேல். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. தாள் கட்டைப் பிரித்தால் மீதியை அதே உறையில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வைக்கிறார். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாள் சுருண்டு உருளையில் சிக்கும் என்பதை அனுபவத்தில் கற்றிருக்கிறார்.

அடுத்துப் போன தமிழ்ப்பள்ளியில் கணக்கே வேறு. அங்கே நாள்தோறும் பயிற்சித்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படமும் வண்ணமும் வேண்டும். தினமும் ஓடுவதால் மை காய நேரமில்லை. தொட்டி வகை அங்கேதான் பொருந்துகிறது. இந்த வகையின் பிறப்பும் நம் பக்கத்து நாட்டில்தான்: எப்சன் நிறுவனம் 2010இல் முதன்முதலாக இந்தோனேசியாவில் அதை விற்பனைக்கு விட்டது. அதற்கு முன்பே இந்த வட்டாரத்துப் பழுதுபார்ப்பவர்கள் பிரிண்டரின் பக்கவாட்டில் போத்தல்களைக் கட்டி, மெல்லிய குழாய் வழியே மை செலுத்திக்கொண்டிருந்தார்கள். இவரும் கட்டியிருக்கிறார். "நாங்க ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுனதை அவங்க அழகா மூடி போட்டு வித்தாங்க" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அது நியாயமான பெருமை.

பள்ளியின் ஒரு மூலையில் ரிசோ இயந்திரம் துணி போர்த்தி நின்றது. பழைய சைக்ளோஸ்டைலின் வாரிசு அது. மெல்லிய சுருளில் வெப்பத்தால் துளையிட்டு ஒரு மூலப்படி எடுக்கும். அதை உருளையில் சுற்றி நூற்றுக்கணக்கில் அடித்துத் தள்ளும். மூலப்படிக்குத்தான் செலவு, அதன்பின் படிகள் மிக மலிவு. நூறு பிள்ளைகள் ஒரே தேர்வை எழுதும் பள்ளிக்கு இதைவிடச் சிக்கனம் இல்லை. ஆனால் மொத்தமே 150க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப் புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. ஒரு வகுப்பில் ஏழு பிள்ளைகள் இருந்தால் ஏழு படிக்காக ஒரு மூலப்படியை வீணாக்குவதா? ஆசிரியை ஒருவர் தம் வீட்டுப் பிரிண்டரில் அடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அந்தச் செலவு எந்தப் பள்ளிக் கணக்கிலும் ஏறாது.

கடைக்குத் திரும்பியதும் அவர் முகமூடி போட்டுக்கொண்டார். பொடி நிரப்பும் வேலை. டோனர் அவ்வளவு நுண்ணியது; சாதாரணத் தூசி உறிஞ்சியில் இழுத்தால் மறுபக்கம் வெளியே வந்து அறையெங்கும் பரவும். அதற்கென்று தனி வடிகட்டி உள்ள இயந்திரம் வைத்திருக்கிறார். சட்டையில் கொட்டினால் குளிர்ந்த தண்ணீரில்தான் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் பொடி உருகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிரிண்டருக்குள் தாளில் எழுத்து ஒட்டுவதும் அதே வெப்பத்தால்தான். அங்கே உருளை ஏறத்தாழ 200 டிகிரிக்குச் சூடாகிறது.

மறுநிரப்பு நல்லதா கெட்டதா என்பதில் அவர் ஒரே பக்கமாகப் பேசுவதில்லை. மட்டமான பொடி போட்டு டிரம் என்னும் உருளையைக் கீறி, இயந்திரத்தையே கெடுத்த வேலைகளையும் சரிசெய்திருக்கிறார். உள்ளே இருக்கும் துடைப்பான் தகடு தேய்ந்த கார்ட்ரிட்ஜை இவர் நிரப்ப மாட்டார், திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதை நிரப்பிக்கொள்ளும் உரிமை உண்டு என்பதில் உறுதியாக இருக்கிறார். உலகமும் அதைப் பற்றி வழக்காடியிருக்கிறது. 2016 செப்டம்பரில் எச்பி பிரிண்டர்கள் சில, மென்பொருள் மாற்றத்தால் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. பயனாளர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில், விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின்மேல் காப்புரிமையைக் காட்டி நிறுவனம் உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. நானும் அவர் பக்கம்தான். இன்னும் நான்காயிரம் பக்கம் உழைக்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் குப்பையில் எறிய வைப்பதை எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

எறிவதும் எளிதல்ல. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் மின், மின்னணுப் பொருள் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனி எண் உண்டு. உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அது போக வேண்டும். கடையின் பின்சுவரை மறைத்து நிற்கும் அடுக்கு அதனால்தான். ஒரு லோடு சேரும்வரை காத்திருக்கிறார். அதுவரை அவற்றிலிருந்து பல்சக்கரம், உருளை, திருகு என்று கழற்றி வேறொன்றுக்கு உயிர் கொடுக்கிறார்.

சாயங்காலம் தோட்டத்துப் பிரிண்டர் தயாரானது. புதுப் பஞ்சு வைத்தாயிற்று, கணக்கு பூச்சியமானது. தொடர்ந்து ஓடும் இடம் ஒன்று கிடைத்தால் அங்கே மாற்றிவிட்டு, தோட்டத்துக்குப் பழுதுபார்த்த கறுப்புவெள்ளை லேசர் ஒன்றைத் தருவதாக மேலாளரிடம் போனில் பேசினார். மறுபக்கம் தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. "கிராணியையும் கேளுங்க சார்" என்று இவர் இரண்டு முறை சொன்னார்.

பிறகு வெள்ளை டேப் ஒரு துண்டு கிழித்து, தேதியையும் 2,100 என்ற எண்ணையும் பேனாவால் எழுதி, பிரிண்டர் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டி மூடினார்.