தொண்ணூறு நிமிடம்

1984இல், கப்பலில் வேலை பார்த்த என் அத்தை மகன் தூத்துக்குடியில் இறங்கி ஊருக்கு வந்தபோது, ஒரு ஒலிநாடாவை எங்கள் வீட்டில் விட்டுப்போனார். தொண்ணூறு நிமிட நாடா. அதன்மேல் பேனாவால் 'ஜாய் டிவிஷன்' என்று எழுதியிருந்தது. படம் இல்லை, பாடல்களின் பட்டியல் இல்லை. "இங்கிலீஷ் பாட்டு. நமக்கு ஒத்துவரல. ஒனக்கு ஆகும்னா வச்சுக்கோ" என்றார் அத்தான்.

வீட்டில் டேப்ரிகார்டர் இருந்ததற்குக் காரணம் என்னுடைய ரசனை அல்ல. அய்யா மைக்செட் வைத்திருந்தார். கடம்பூரைச் சுற்றிய கிராமங்களின் கல்யாணங்களுக்கும் கோவில் கொடைகளுக்கும் வண்டியில் குழாயும் இசைத்தட்டுப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு போவார். எந்த ஊரானாலும் முதலில் சுழல்வது காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம்தான். அது இல்லாமல் விசேஷம் ஆரம்பித்ததாகக் கணக்கில்லை. அந்த ஒலி கரிசல்காட்டின் மேல் தடையின்றிப் போகும். பருத்தி எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து, எந்த ஊரில் விசேஷம் என்று திசையை வைத்தே சொல்வார்கள்.

அந்த வீட்டில்தான் இந்த ஆங்கில நாடாவும் ஓடியது, இரவில், சத்தம் குறைத்து. முதலில் எனக்குப் பிடிபட்டது தாளம். மனிதக் கைதானா என்று சந்தேகம் தரும்படி ஒரே சீராக விழுந்தது. அடுத்து பாஸ் கிட்டார். நாயனத்துக்கு ஒத்துப் போல அடியில் நிற்க வேண்டிய வாத்தியம் அது. இங்கே மேலேறி வந்து பாட்டைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தது. வாத்தியங்களுக்கிடையே காலியான இடம் நிறைய. பெரிய கிடங்கு ஒன்றில், ஆளுக்கொரு மூலையில் நின்று வாசிப்பதுபோல. பாடியவருடைய குரல் கனமானது, உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாதது. வார்த்தைகளில் பாதி புரியவில்லை. சோகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒழுங்கு என்றுதான் தோன்றியது. கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது அந்த வெடிப்புகளில் தெரியும் ஒழுங்கு. சில இடங்களில் எழுந்து நடக்கும்படி உற்சாகமும் வந்தது. இரண்டு வருஷம் அப்படிக் கேட்டேன்.

1986இல் சென்னையில் ஒரு நூலகத்தில் ஆங்கிலச் சங்கீதப் பத்திரிகை ஒன்றைப் புரட்டும்போது, பாடியவர் இறந்துபோனவர் என்று தெரிந்தது. பெயர் இயன் கர்டிஸ். 1980 மே 18இல், குழு அமெரிக்கா புறப்பட வேண்டியதற்கு முதல் நாள், தற்கொலை செய்துகொண்டார். வயது இருபத்து மூன்று. ஊருக்குத் திரும்பி நாடாவைப் போட்டேன். அது வேறு நாடாவாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு வரியும் அந்த மே மாதத்தை நோக்கிப் போனது. காலியிடங்களெல்லாம் மயானமாயின. முன்பு எழுந்து நடந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருந்தேன். நாடாவில் எதுவும் மாறியிருக்கவில்லை. மாறியது எனக்குக் கிடைத்த ஒரு தகவல் மட்டுமே. இந்த வித்தியாசம்தான் இக்கட்டுரையின் விஷயம்.

குழுவின் சரித்திரம் சிறியது. 1976 ஜூன் 4இல் மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலின் மாடியிலுள்ள சிறிய அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தார்கள். கூட்டம் சொற்பம். அதிலிருந்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் நாமும் வாசிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். வாசிக்கத் தெரிந்தபின் ஆரம்பித்தவர்கள் அல்ல. கர்டிஸ் வந்தார், பிறகு டிரம்ஸ் வாசிக்க ஸ்டீபன் மாரிஸ். 1977 மே மாதம் 'வார்ஸா' என்ற பெயரில் முதல் மேடை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பெயர் மாறியது. 1978இல் தங்கள் செலவிலேயே நான்கு பாட்டுகள் கொண்ட தட்டு ஒன்றை ஆயிரம் பிரதி போட்டார்கள். சிறு பத்திரிகை நடத்துகிற நமக்கு இந்த எண் அந்நியமானதல்ல. 1979 ஜூனில் 'அன்னோன் ப்ளெஷர்ஸ்'. 1980 மே 2இல் பர்மிங்ஹாமில் கடைசி மேடை. இரண்டாவது ஆல்பம் 'க்ளோஸர்' வெளிவந்தபோது ஜூலை, பாடியவர் இல்லை. மேடைக்கணக்கில் மூன்று வருஷம்கூட நிறையவில்லை. இரண்டு ஆல்பங்களும் அத்தானின் நாடாவில் பக்கத்துக்கு ஒன்றாக அடங்கியிருந்தன.

மான்செஸ்டர் என்ற பெயர் கரிசலுக்குப் புதியதுமல்ல. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷையர் ஆலைகளுக்குப் பஞ்சு வராமல் போனபோது இந்தியப் பருத்திக்குக் கிராக்கி வந்தது. திருநெல்வேலிச் சீமையின் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறியது. அந்தப் பஞ்சால் எழுந்த ஆலைகள் மூடி, கிடங்குகள் காலியான பிறகு, அப்படிப்பட்ட பழைய கட்டிடமொன்றில்தான் இந்த நால்வரும் ஒத்திகை பார்த்தார்கள். பஞ்சு போன துறைமுகத்தின் வழியாகவே அவர்கள் சத்தம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இதில் தத்துவம் எதுவும் இல்லை. என்றாலும் அந்தக் காலியிடம் எனக்கு ஏன் உடனே விளங்கியது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கர்டிஸின் உத்தியோகம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில். உடற்குறை உள்ளவர்களுக்கு வேலை தேடித் தருவது. அங்கே வந்துபோன, வலிப்பு நோயுள்ள ஒரு இளம்பெண்ணின் துயரத்திலிருந்து பிறந்தது 'ஷீ'ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' என்ற பாட்டு. கர்டிஸுக்கும் வலிப்பு இருப்பது 1979 ஜனவரியில் உறுதியாயிற்று. மேடையில் அவர் ஆடிய ஆட்டம் அந்நோயை நினைவூட்டியது என்பதும் உண்மை. ஆகவே பின்னால் வந்தவர்களில் பலருக்கு அந்தப் பாட்டு அவருடைய சொந்த வாக்குமூலமாகிவிட்டது. அலுவலக மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் மறைந்துபோனாள். ஒரு மனிதன் இன்னொரு மனிதரைக் கவனித்தது அதில் இருந்தது. மரணம் அதைத் துடைத்துவிட்டு, அவன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று நம்மை நம்பவைக்கிறது. உடன் வாசித்தவர்களோ, தாங்கள் சிரித்துக் கேலிபேசித் திரிந்த பையன்கள் என்றும், அந்த வரிகளை அப்போது கூர்ந்து கவனித்ததில்லை என்றும் பின்னாளில் சொன்னார்கள். அவர்கள் 'நியூ ஆர்டர்' என்ற பெயரில் தொடர்ந்து வாசித்தார்கள். 1981இல் வெளியிட்ட முதல் தட்டு, கர்டிஸோடு சேர்ந்து உருவாக்கிய பாட்டுதான். வேலை நின்றுவிடவில்லை.

காருகுறிச்சி 1964இல் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்தபோது நான் கைக்குழந்தை. எனக்கு அவர் எப்போதுமே இறந்தவர். கோவில்பட்டியில் சிலையாக நிற்பவர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டிபோடுவதைக் கேட்கும்போதெல்லாம், இன்னும் இரண்டு வருஷம்தான் என்ற எண்ணம் எனக்குள் ஓடும். அய்யாவுக்கு அப்படி ஓடாது. அவர் நேரில் கேட்டவர். ஒருநாள் நான் இதைச் சொன்னபோது, "ஏலே, செத்ததா வாசிக்குது?" என்றார். "ராத்திரி பூரா வாசிச்சாரு. விடியிற வரைக்கும் ஒரு மாடுகூட வண்டியில பூட்டல. தட்டுல இருக்கது கையளவு. நீ அதைப் புடிச்சிக்கிட்டு அழுதா எப்படி?" மூன்றரை நிமிடத் தட்டின் ஒரு பக்கத்துக்குள் ராகம் நுழைந்து வெளியேறும் அவசரத்தை நான் விதியின் அவசரம் என்று கேட்டிருக்கிறேன். அது மெழுகின் அளவு, அவ்வளவுதான்.

இனி சொல்ல வேண்டியது என் சொந்தத் தவறு. நம் வட்டத்தில் ஒரு கவிஞன் இருந்தான். பெயர் வேண்டாம், உங்களில் சிலருக்குத் தெரியும். 1988இல், இருபத்தாறு வயதில், தன்னை முடித்துக்கொண்டான். அவனைப் பற்றி ஒரு சிறு பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினேன். கிணறு வெட்டுவதைப் பற்றிய அவனுடைய கவிதையை எடுத்துக்கொண்டு, இருளுக்குள் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்ட பிரக்ஞை என்று விளக்கினேன். கட்டுரை பாராட்டப்பட்டது. நூலகத்தில் அந்தப் பத்திரிகையைப் புரட்டி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நாடா மாறிப்போனதை நன்றாக அறிந்தவன்தான் அப்படி எழுதினேன்.

சில மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தங்கை கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா கோபப்படவில்லை. கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏய்யா, அது நம்ம புஞ்சைக் கெணறுல்லா. அவன் சித்தப்பாகூட நின்னு மண்ணு சொமந்தான். தண்ணி கண்ட அன்னைக்கு ஊருக்கெல்லாம் சுசியம் போட்டுக் குடுத்தோம். உப்புத் தண்ணிதான். ஆனாலும் அவன் அதை அள்ளிக் குடிச்சிட்டுச் சிரிச்சான். அதைத்தான எழுதியிருக்கான்?"

வீட்டுக்கு வந்து கவிதையைத் திரும்ப வாசித்தேன். கடைசி வரிகளில் தண்ணீர் இருந்தது. எத்தனையோ முறை படித்திருந்தும் நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

குறைந்த ஆயுளின்மேல் நமக்கு ஒரு மோகம் இருக்கிறது. பாரதி முப்பத்தெட்டு, புதுமைப்பித்தன் நாற்பத்திரண்டு, அழகிரிசாமி நாற்பத்தாறு என்று கணக்குச் சொல்லிக்கொள்கிறோம். எட்டு இதழோடு நின்ற 'நடை'யை, அது நின்றதற்காகவே நேசிக்கிறோமோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு படைப்பைப் படிப்பது விமர்சனத்துக்கு மிகச் சுலபமான காரியம். எல்லா வரியும் பொருந்திவிடும். பொருந்தாத வரி கண்ணில் படாது. மரணம் மரணமாகவே இருக்கட்டும், அதைத் துக்கிப்போம். அதை உரையாசிரியராக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த நண்பனின் கவிதைகளைத் தொகுக்கிறார்கள். என் பழைய கட்டுரையை முன்னுரையாகச் சேர்க்க அனுமதி கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பிறந்த வருஷம், இறந்த வருஷம் இரண்டையும் கடைசிப் பக்கத்தில் போடுங்கள் என்றும், கிணற்றுக் கவிதையை முதலில் வையுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன்.

அத்தான் தந்த நாடா எப்போதோ சிக்கி அறுந்துவிட்டது. அந்த ஆல்பங்களை இப்போது வேறு வழிகளில் கேட்கிறேன். 1984இல் கேட்டதைப் போலக் கேட்க முயல்கிறேன். எப்போதும் முடிவதில்லை. சில இரவுகளில், அந்த பாஸ் கிட்டார் மேலேறும் இடத்தில், இரண்டொரு நிமிடம் முடிகிறது.